வியாழக்கிழமை ஓபல்

ஆகஸ்ட் 18, 1987 – செவ்வாய்

நாள் முழுக்கத் தக்காளியை வேகவைத்துப் புட்டிகளில் அடைத்தேன். கல்லூரி மைதானத்து விசில் சமையலறை வரைக்கும் கேட்டது. ஃபுட்பால் பயிற்சி தொடங்கிவிட்டது. இருபத்தாறு ஆகஸ்ட் மாதங்கள் அந்த விசில் என் வீட்டுக்காரர் ஹார்லன் வாயில் இருந்தது. இப்போது டோய்ல் க்ரெயின் வாயில் இருக்கிறது.

ஹார்லன் வாசலில் உட்கார்ந்து புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தார். நேற்றுத்தான் தீட்டினார். "சத்தம் கேக்குதா?" என்றேன். "எந்த சத்தம்?" என்றார். காது நன்றாகத்தான் இருக்கிறது மனுஷனுக்கு.

ஆகஸ்ட் 20 – வியாழன்

ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். எழுதாவிட்டால் கோபம் ஆறிப்போய்விடும். ஆறக் கூடாது.

போன நவம்பரில் கடைசி ஆட்டம் தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கல்லூரித் தலைவர் ஹார்லனை வரச் சொன்னார். பயிற்சியாளர்களை வேலையை விட்டுத் தூக்குவது எப்போதும் ஞாயிறுதான். செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் புதிய தலைமைப் பயிற்சியாளர் படம். டோய்ல். ஒன்பது வருடம் ஹார்லனுக்கு உதவியாளராக இருந்தவன். ஞாயிறு தவறாமல் என் மேஜையில் மாட்டிறைச்சி வறுவலை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டவன். குடல்வாலை அறுத்து எடுத்தபோது ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். அந்தப் படத்தில் அவன் கட்டியிருந்த டை, கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது!

அந்த வாரம் ஊரே எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது. சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போலவே. கோழியும் சோறும், பீன்ஸ், டூனா மீன். டோய்லின் பெண்டாட்டி சார்லீனும் ஒரு கண்ணாடிப் பாத்திரம் கொண்டுவந்தாள், அடியில் டேப் ஒட்டித் தன் பெயர் எழுதி. டேப்பை உரித்துவிட்டேன். இப்போது அதில்தான் நாய்க்குத் தண்ணீர் வைக்கிறேன்.

அவன் எழ முடியாதபடி விழ வேண்டும். இந்த ஊர் ஹார்லனை என்ன செய்ததோ அதை அவனுக்கும் செய்ய வேண்டும். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 3 – வியாழன்

தெரிந்துவிட்டது.

திட்டம் போடவில்லை, சத்தியமாக. பாடகர் குழுவுக்குப் பாட்டுத் தாள்களை நகல் எடுக்கச் சபை அலுவலகத்துக்குச் சீக்கிரமே போயிருந்தேன். ரேடியோ போட்டேன். கெளுத்தி மீன் வறுத்துப் போடும் சாப்பாட்டுக் கடையிலிருந்து 'பயிற்சியாளர் நேரம்'. சீசன் முழுக்க வியாழன் ஆறரைக்கு அந்தக் கடையில் மைக்கின் முன் பயிற்சியாளர் உட்கார வேண்டும், ஊரில் எவன் ஃபோன் செய்து எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். போன வருடம் ஒருவன் ஹார்லனிடம், "மூளைய வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா கோச்?" என்று கேட்டான். ஹார்லன் வழக்கம்போல், "நல்ல கேள்வி, கூப்பிட்டதுக்கு நன்றி" என்றார். அந்த 'நன்றி' இன்னும் என் வயிற்றில் எரிகிறது.

இன்று பார்த்தால் டோய்லுக்கு ஒரே தாலாட்டு. "எங்களுக்கு விடிவுகாலம் வந்துச்சு கோச்!" என்கிறான் ஒருவன். மேஜையில் ஃபோன் இருந்தது. கை தானாகப் போனது. குரலும் தானாக வந்தது – என் மாமியார் குரல். மூக்கால் இழுத்து, ஒவ்வொரு வார்த்தையையும் மென்று துப்புகிற அதே குரல். அவர் இருந்தவரை அந்தக் குரலுக்கு நான் பயப்படாத நாள் இல்லை.

"கோல்ட் ஸ்பிரிங்ஸ்லேர்ந்து ஓபல் பேசறேன். கண்ணு டோய்ல், ஒண்ணே ஒண்ணு. ஒன்பது வருஷம் ஹார்லன் டிப்பெட் பக்கத்துல நின்னியே, ஜெயிச்ச ஆட்டத்துல எல்லாம் உன் மூஞ்சி ஃபோட்டோவுல இருக்கு. தோத்த ஆட்டத்துல நீ எங்க போய் நின்னே?"

கடையில் சிரிப்பு வெடித்தது. டோய்ல் ஏதோ திக்கினான். ரேடியோக்கார ராய்ஸ், "ஓபலம்மா, அடுத்த வாரமும் கண்டிப்பா கூப்பிடணும்!" என்றான்.

பிறகு போய் ஆல்ட்டோ வரிசையில் நின்று பாடினேன். ஒரு சுரம் பிசகவில்லை.

செப்டம்பர் 13 – ஞாயிறு

நேற்று டோய்ல் ஜெயித்தான். கடவுள் சில சனிக்கிழமைகளில் தூங்கிவிடுகிறார்.

மதியச் சாப்பாடு முடிந்து ஹார்லன் தூண்டிலை வண்டியில் போட்டுக்கொண்டு மீன் பிடிக்கப் போனார். இப்போதெல்லாம் ஞாயிறானால் இதுதான். இருட்டும் நேரத்துக்கு வந்தார், மீன் இல்லை, ஆனால் முகத்தில் தெளிவு இருந்தது. போகட்டும், அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

செப்டம்பர் 24 – வியாழன்

சனிக்கிழமை தோற்றான்! அதுவும் எப்படி!

மூன்றாவது முயற்சி, பந்தை இன்னும் எட்டு கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். நம் முன்வரிசைப் பையன்கள் எதிராளியைத் தடுக்காமல் வேண்டுமென்றே உள்ளே விட்டார்கள். எல்லோரும் பாய்ந்து வந்ததும், பந்தைக் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் அவர்கள் தலைக்கு மேல் பந்தைப் பின்னால் நிற்பவனுக்குத் தூக்கிப் போட வேண்டும். நல்ல வேகமான பையன் இருந்தால் அழகான ஆட்டம். நம் குவார்ட்டர்பேக்குக்குக் கால் கல். பந்தைத் தூக்குவதற்குள் நாலு பேர் அவன் மேல் படுத்துவிட்டார்கள். டோய்ல் இதை மறுபடியும் ஆடச் சொன்னான். மறுபடியும் படுத்தார்கள். இருபத்தாறு வருடம் ஹார்லனோடு உட்கார்ந்து ஆட்டப் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தவளுக்கு இது தெரியாதா?

ஓபல் கேட்டாள்: "கண்ணு, பசங்க கதவத் தொறந்து விட்டுட்டு 'வாங்க, வாங்க'ன்னு கூப்பிடறாங்களே, இது ஆட்டமா, கல்யாண விருந்தா? இத வரஞ்ச மகராசனுக்குக் கண்ணு தெரியுமா?"

ராய்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டான்.

அக்டோபர் 10 – சனி

அரங்கத்துக்குப் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்தேன். மூன்றாவது முயற்சி வந்தது. மாணவர்கள் பக்கமிருந்து மொத்தக் கூட்டமும் கை நீட்டி "வாங்க! வாங்க!" என்று கத்தியது. டோய்ல் அதே ஆட்டத்தைத்தான் ஆடினான், முட்டாள். குவார்ட்டர்பேக் தரையில் கிடந்தான். என் வார்த்தையை இத்தனை ஆயிரம் பேர் கத்துவதைக் கேட்டேன். பொய் சொல்வானேன், என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்த பிற்பகல்கள் குறைவு.

அக்டோபர் 18 – ஞாயிறு

ஹார்லன் மீன் இல்லாமல் வந்தார். "மீனுக்கும் டோய்ல்தான் பயிற்சி குடுக்கறானா?" என்றேன். சிரிக்கவில்லை. தட்டில் இருந்ததைக் கிளறிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அக்டோபர் 23 – வெள்ளி

மளிகைக் கடையில் சார்லீன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்னெலம்மா, ரேடியோவுல அந்தக் கிழவி பேசறத நீங்க கேக்கறீங்களா?"

"வியாழக்கிழமை எனக்குப் பாட்டுப் பயிற்சிம்மா. எங்க கேக்கறது."

"டோய்ல் சாப்பிடறதே இல்ல. புதன்கிழமை ஆனாலே வாந்தி எடுக்கறாரு. நீங்க இதெல்லாம் எப்படித்தான் தாங்குனீங்களோ."

எப்படித் தாங்கினேன் என்று இப்போதுதான் கேட்கிறாள். போன வருடம் ஊரை விட்டுப் போ என்பதுபோல் எங்கள் புல்தரையில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை நட்டுவிட்டுப் போனார்களே, ஹார்லன் காலையில் எழுந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வண்டிக் கொட்டகையில் அடுக்கினாரே, அப்போது இவள் எங்கே இருந்தாள்? கையை விடுவித்துக்கொண்டு, "புதினாத் தேநீர் போட்டுக் குடும்மா, வயித்துக்கு நல்லது" என்றேன்.

நவம்பர் 5 – வியாழன்

இன்று டோய்லுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓபல் அந்த 'வாங்க வாங்க' ஆட்டத்தை எடுத்ததும் குரல் உயர்ந்தது.

"அம்மா, என்னை என்ன வேணா சொல்லுங்க. அந்த ஆட்டத்தச் சொல்லாதீங்க. அத வகுத்தவர் உங்களவிட, என்னவிட, இந்த ஊர்ல எல்லாரவிடவும் ஃபுட்பால் தெரிஞ்சவர்."

"யாரு கண்ணு அது? உன் தையல்காரனா?"

கடை அதிர்ந்தது. எப்போதும் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவன்தானே. இன்றும் ஒளிகிறான்.

வீட்டுக்கு வந்தபோது ஹார்லன் வண்டிக் கொட்டகையில் ரேடியோவை அணைத்துக்கொண்டிருந்தார். "பாட்டு எப்படிப் போச்சு?" என்றார். "நல்லாப் போச்சு." "உன் குரலுக்கு என்ன குறை" என்றார்.

நவம்பர் 15 – ஞாயிறு

ஆராதனைக்குப் போகிற வழியில் க்ரெயின் வீட்டுத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். புல்தரையில் ஐந்தாறு பலகைகள். 'வீடு விற்பனைக்கு.' ஒன்றில் சிவப்பில் 'வாங்க! வாங்க!' சார்லீன் வீட்டு அங்கியோடு நின்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். மண் இறுகியிருக்கிறது, வரவில்லை.

தெருமுனையில் ஒன்று சாய்ந்து கிடந்தது. இறங்கிப் போய் நேராக நட்டு, குதிகாலால் மண்ணை மிதித்துவிட்டு வந்தேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கவனிக்கவில்லை.

நவம்பர் 19 – வியாழன்

கடைசி நிகழ்ச்சி. டோய்ல் எல்லாவற்றுக்கும் "நல்ல கேள்வி, நன்றி" என்றான். அதே வார்த்தை. அதே தொனி. ஓபல் இன்று கேள்வி கேட்கவில்லை. "போய்ட்டு வா கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நவம்பர் 22 – ஞாயிறு

முடிந்தது. நேற்றுத் தோல்வி. இன்று ஆராதனை முடிந்ததும் தலைவர் கூப்பிட்டாராம். டோய்லும் போனான், அவனுடைய ஆறு உதவியாளர்களும் போனார்கள். தலை போனால் எல்லாரும் போக வேண்டியதுதான், அது இந்தத் தொழிலின் முறை.

பெக்கன் பருப்பு வைத்த இனிப்புப் 'பை' சுட்டேன். ஹார்லனுக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்தேன். தொடவில்லை. இன்றைக்கு மீன் பிடிக்கவும் போகவில்லை.

நவம்பர் 23 – திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஃபோன். டோய்ல். "வெர்னெலம்மா, கோச் இருக்காருங்களா?" அழுதிருக்கிறான், குரலிலேயே தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். "வெளிய போயிருக்காரு. என்ன சொல்லணும்?" என்றேன்.

"மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க. ஜனவரி வேலைய என்னால காப்பாத்திக் குடுக்க முடியல. தலைவர் கையெழுத்துப் போடறதாத்தான் இருந்தாரு. நான் போனதோட அதுவும் போச்சு."

"எந்த ஜனவரி வேலை?"

"உங்ககிட்ட சொல்லலியா அவரு?" என்றான்.

ஹார்லன் வரும்வரை சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை. வந்ததும் கேட்டேன். முதலில் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

போன வருடம் வேலை போன அன்று சாயங்காலமே டோய்ல் இங்கே வந்தானாம். வண்டிக் கொட்டகையில் நின்று அழுதானாம், தலைவர் தன்னைக் கேட்கிறார், மாட்டேன் என்று சொல்லப்போகிறேன் என்று. "ஒத்துக்கோன்னு நான்தான் சொன்னேன், வெர்னி. அவன் மாட்டேன்னா வெளியூர்லேர்ந்து எவனையாவது கொண்டாருவாங்க. உதவிக்கு இருந்த எல்லாரையும் துரத்துவான். நான் வீடு வீடாப் போய் டீமுக்குக் கூட்டிட்டு வந்த பசங்களையும் துரத்துவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஒத்துக்க மாட்டே."

"மாட்டேன்தான்!"

"அதான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போனதில்லை. தூண்டில் வண்டியிலேயே கிடக்கும். கல்லூரியில் திரை போட்ட அறையில் டோய்லோடு உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தை வகுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஜனவரியிலிருந்து அவரை முறைப்படி வேலைக்கு எடுப்பதாக ஏற்பாடு. மறுபடியும் விசில், மறுபடியும் மைதானம்.

கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டேன். "அந்த ஆட்டம்? வாங்க வாங்க?"

"என்னோடதுதான். ஒரு கோடை முழுக்க உக்காந்து வரஞ்சேன்."

கண் தெரியுமா என்று கேட்டேனே. ஊரெல்லாம் கேட்க, ரேடியோவில் கேட்டேனே. இந்த மனுஷனை.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "முட்டாத்தனமான ஆட்டம்! அந்தப் பையன் கால வச்சுக்கிட்டு அத எப்படி ஆடறது?"

"நீ சொன்னது சரிதான்" என்றார். "எனக்கே சீக்கிரம் புரிஞ்சுபோச்சு. நிறுத்திருன்னு டோய்ல்கிட்ட சொன்னேன். கோச் வரஞ்சத ஊர் சிரிக்குதுன்னு பாதியில விடமாட்டேன்னு பிடிவாதமா ஆடினான்."

'நீ சொன்னது' என்றார். ஓபல் சொன்னது என்று சொல்லவில்லை. அது எனக்கு உறைப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 24 – செவ்வாய்

அவர் நாள் முழுக்க வண்டிக் கொட்டகையில். நான் சமையலறையில்.

நவம்பர் 26 – வியாழன், நன்றி நாள்

இரண்டு பேருக்கு ஒரு வான்கோழி. அவர் அறுத்தார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை, கேட்டுவிட்டேன். "எப்ப தெரிஞ்சது?"

"மொத நாளே. எங்கம்மா போய் இத்தனை வருஷம் கழிச்சு ரேடியோவுல வந்து எனக்காகச் சண்டை போடறா. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் வாயத் தொறக்கல? தடுத்திருக்கலாமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஃபோன நான் தொட்டிருக்கவே மாட்டேன்!"

கத்தியைக் கீழே வைத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த நாற்காலியில உக்காந்து இத்தனை காலம் எல்லாருக்கும் நன்றி நன்றின்னேன். எனக்காக ஒருத்தரும் ஃபோன் பண்ணதில்ல, வெர்னி. நீ பண்ணே. ஒவ்வொரு வாரமும், இதோட நிறுத்தச் சொல்லணும்னுதான் ரேடியோவ போடுவேன். கேக்க ஆரம்பிச்சா நல்லா இருக்கும்." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "டோய்லுக்குத்தான் நான் துரோகம் பண்ணிட்டேன்" என்றார்.

எனக்கு இந்த மனுஷன் மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருடம் என்னை முட்டாளாக்கி வைத்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருக்கிறது. இரண்டையும் செய்யாமல் பாத்திரம் கழுவினேன். அவருக்கு அறுபத்திரண்டு. இனிமேல் யார் கூப்பிடப்போகிறார்கள்? ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மைதானத்துக்குத் திரும்ப ஒரே ஒரு வழி இருந்தது, அதை நான்தான் அடைத்தேன். வாரா வாரம், மெனக்கெட்டு, நன்றாகக் குரல் மாற்றி அடைத்தேன்.

டிசம்பர் 3 – வியாழன்

இன்று சார்லீன் வந்தாள். சொல்லிக்கொண்டு போக வந்தாளாம். டோய்லுக்கு அவள் அண்ணன் டிராக்டர் கடையில் வேலை, இரண்டு மாவட்டம் தள்ளி. ஃபுட்பால் பக்கமே இனித் தலை வைத்துப் படுக்கமாட்டான் என்றாள். ஹார்லன் முன்னறையில் அவளிடம் இரண்டு வார்த்தை பேசினார், பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளைச் சமையலறையில் உட்கார வைத்துக் காப்பி ஊற்றினேன்.

கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போய்விட்டது. முகம் இறுகியிருக்கிறது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். போன குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"வெர்னெலம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்றாள். "அந்த ஓபல் யாருன்னு கண்டுபிடிக்கணும். கோல்ட் ஸ்பிரிங்ஸ்ல வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன். அங்க ஒரே ஒரு ஓபல்தான் இருக்கா, அவளுக்குக் காதே கேக்கல."

"கிழவி யாரோ, என்னமோ. விடும்மா."

"கிழவின்னு எனக்குத் தோணல. மூணாவது முயற்சியில முன்வரிசை எங்க நிக்கணும்னு தெரிஞ்சு பேசுனா. டோய்லே சொன்னாரு, அவ சொன்னது அத்தனையும் சரின்னு. இந்த ஊர்ல அப்படி ஆட்டம் தெரிஞ்ச பொம்பளைங்க எத்தன பேர் இருப்பாங்க?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டு பார்த்தாளா, தெரியாமல் பார்த்தாளா – இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன், சொல்ல முடியவில்லை.

"கண்டுபிடிச்சு என்னம்மா பண்ணப்போற?"

"என் இடத்துல இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

மன்னித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். சபைக்குப் போகிறவள் சொல்ல வேண்டியது அதுதான். வாய் வரவில்லை.

"விடமாட்டேன்" என்றேன்.

சார்லீன் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "நானும்தான்" என்றாள். காப்பியை முழுவதும் குடித்து, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் எந்த ஊரில் இருந்தாலும் என்னை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.